அழுத்தம் கடைசியில் வரட்டும்

ஆவடி சி.டி.எச். ரோட்டோரச் சுவர்களில் கட்சிச் சின்னம், அதன்மேல் கோச்சிங் சென்டர் விளம்பரம், அதற்கும் மேல் மைதாப் பசையில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று அடுக்கடுக்காக ஏறிக் கிடக்கின்றன. வாட்டர் சர்வீஸ் கடைகளில் வண்டி கழுவும் பிரஷர் வாஷரைக் கொண்டுவந்து பீய்ச்சினால் எல்லாம் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த இயந்திரத்தின் சூட்சுமம் நாசிலின் சின்னத் துளையில் இருக்கிறது. கார் டயருக்குள் இருக்கும் அழுத்தம் சுமார் 2 பார். பிரஷர் வாஷரில் 100 பாருக்கு மேல். அந்த 100 பாரும் வேகமாக மாறினால் தண்ணீர் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். சிவப்பு நாசிலில் விரிவுக் கோணம் 0 டிகிரி: தண்ணீர் கம்பிபோல ஒரே புள்ளியில் குத்தும், கையில் பட்டால் தோலைத் துளைத்துவிடும். வெள்ளை நாசிலில் 40 டிகிரி: அதே தண்ணீர் விசிறியாக விரிந்து சாதுவாகிவிடும். ஓரடி தள்ளிப் பிடித்தாலும் தாக்கம் வெகுவாகக் குறையும்.

இவ்வளவு வேகமும் பெயின்டிடம் தடுமாறும். எனாமலும் ஸ்ப்ரே பெயின்டும் காய்ந்தபின் தண்ணீரில் கரையாதவை. செங்கல், சுண்ணாம்புப் பூச்சு ஆகியவற்றின் நுண்துளைகளில் இறங்கிப் பிடித்துக்கொள்பவை. வெறும் தண்ணீரால் அவற்றைப் பெயர்க்கப் பார்த்தால் சுவரும் சேர்ந்து பெயரும். சூளையில் வெந்த செங்கலுக்கு மேல்தோல்தான் கவசம். அது போனால் மழைநீர் தாராளமாக உள்ளே இறங்கும். முதலில் பெயின்ட் ரிமூவர் தடவி, பெயின்ட் இளகும்வரை காத்திருந்து, குறைந்த அழுத்தத்தில் கழுவுவதே முறை. போஸ்டருக்கு ரசாயனம்கூட வேண்டாம்: கிரைண்டரில் காய்ந்த மாவைப் போலத்தான் மைதாப் பசையும், வெந்நீரில் ஊறினால் தானே விடும்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்கலாம். அவசரத்தின் விலையைத் தமிழ்நாடு ஏற்கெனவே கொடுத்திருக்கிறது: கோயில் சுவர்களில் மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்ததில் கல்வெட்டு எழுத்துகளே தேய்ந்தன, பிறகுதான் அந்த முறைக்குத் தடை வந்தது. மேலேயே வெள்ளையடித்துவிடலாமே என்பது இன்னொரு வாதம். சிமென்ட் காம்பவுண்டுக்கு அது சரி. பழைய கருங்கல்லுக்கும் சுண்ணாம்புக் காரைக்கும் அது இன்னொரு அழுக்குதான். பொதுச்சுவர்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959 முதலே சட்டம் இருக்கிறது. அதை அமல்படுத்தியிருந்தால் கழுவும் வேலையே பாதியாகியிருக்கும். இனியாவது ஆவடி மாநகராட்சி சுவர் கழுவ ஒப்பந்தம் விடும்போது, கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்துப் பார்த்த பிறகே நாசிலைத் திறக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையைச் சேர்க்கட்டும். எழுத்தை மறுபடி அழிக்கலாம். கல்லின் தோலை மறுபடி வளர்க்க முடியாது.