சமையலறைக் கல்தளம்: சீலர் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது?

புதுதில்லி: தலைநகரின் தூதரகப் பகுதியான சாணக்யபுரியில் மாநில அரசுகளின் விருந்தினர் இல்லங்களும் அரசு ஊழியர் குடியிருப்புகளும் அமைந்துள்ளன. கௌடில்ய மார்க்கில் உள்ள தமிழ்நாடு இல்லமும் அவற்றுள் ஒன்று. தில்லியில் குடியேறும் தமிழ்க் குடும்பங்களின் அன்றாடச் சமையலில் புளி, எலுமிச்சை, தயிர் ஆகியவை தவறாமல் இடம்பெறுகின்றன. அவர்கள் வசிக்கும் வீடுகளின் தளமோ பெரும்பாலும் ராஜஸ்தானின் சலவைக்கல் அல்லது கோட்டா கல்லால் ஆனது. புளிப்புக்கும் இக்கற்களுக்கும் உள்ள பகையை அறிந்துகொண்டால் வீண் செலவைத் தவிர்க்கலாம்.

கறை வேறு, அரிப்பு வேறு

சலவைக்கல், கோட்டா கல், தமிழக வீடுகளில் சமையல் மேடையாகப் பயன்படும் கடப்பா கல் ஆகிய மூன்றும் முதன்மையாகக் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. புளியில் டார்டாரிக் அமிலமும், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலமும், தயிரில் லாக்டிக் அமிலமும் உள்ளன. இவை பட்டதும் கல்லின் மேற்பரப்பு சிறிதளவு கரைகிறது. மெருகு போய் மங்கலான தடம் விழுகிறது. இதுவே அரிப்பு.

கறை அவ்வாறானதன்று. எண்ணெய், மஞ்சள், தேநீர் போன்றவை கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கித் தங்குவதே கறை. கல்லுக்குள் ஊடுருவும் சீலர் இந்த நுண்துளைகளின் உட்சுவர்களில் படிந்து, நீரும் எண்ணெயும் இறங்குவதைத் தாமதப்படுத்துகிறது. ஆனால், மேற்பரப்பை அது மூடுவதில்லை. எனவே, சீலர் பூசிய சலவைக்கல்லிலும் எலுமிச்சைச் சாறு தடம் பதிக்கும். சீலர் பூசியும் கல் பாழாகிவிட்டது என்ற புகாருக்குப் பல நேரங்களில் இதுவே காரணம்.

கிரானைட்டின் இயல்பு வேறு. குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார் போன்ற கடினமான கனிமங்களால் ஆன அதனைச் சமையலறைப் புளிப்பு எளிதில் பாதிப்பதில்லை. வெளிர்நிறக் கிரானைட்டில் எண்ணெய்க் கறை படியாமல் இருக்க மட்டும் சீலர் உதவும்.

சோதித்த பின் பூசுதல்

சீலர் தேவையா என்பதை ஒரு துளி நீரே சொல்லிவிடும். உலர்ந்த கல்லின் மீது சில துளி நீரை இட்டு 10 முதல் 15 நிமிடங்கள் விட வேண்டும். அந்த இடம் கருத்தால் கல் நீரை உறிஞ்சுகிறது என்று பொருள், சீலர் பூசலாம். துளி அப்படியே நின்றால் இப்போதைக்குத் தேவையில்லை. மறுபூச்சுக்கான காலத்தையும் இதே சோதனையைக் கொண்டு முடிவு செய்யலாம்.

பூசுவதற்கு முன் தளத்தைக் கழுவி, குறைந்தது ஒரு நாள் முழுமையாக உலரவிட வேண்டும். தில்லியின் ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலத்தில் ஈரம் எளிதில் போகாது என்பதால் கூடுதல் அவகாசம் தேவை. சீலரை மெல்லிதாகப் பரப்பி, புட்டியில் குறித்துள்ள நேரம் கழிந்ததும் மிகுதியைத் துணியால் துடைத்தெடுப்பது முக்கியம். துடைக்காமல் காய்ந்தால் பிசுபிசுப்பும் வெண்திட்டும் தங்கிவிடும். கரைப்பான் கலந்த வகைகளின் ஆவி எளிதில் தீப்பற்றும். ஆகவே, எரிவாயு அடுப்பையும் பிற நெருப்பையும் அணைத்து, சன்னல்களைத் திறந்து வைத்த பின்னரே பணியைத் தொடங்க வேண்டும்.

தாஜ்மகால் தரும் பாடம்

ஏற்கெனவே படிந்த எண்ணெய்க் கறைக்குத் தில்லியை அடுத்த ஆக்ராவில் வழி இருக்கிறது. மக்ரானா சலவைக்கல்லால் ஆன தாஜ்மகாலில் மஞ்சள் படிவை நீக்க, இந்தியத் தொல்லியல் துறை 1994-ஆம் ஆண்டு முதல் முல்தானி மிட்டிப் பற்றுப் போட்டு வருகிறது. முகப்பூச்சாகப் பெண்கள் பயன்படுத்தும் அதே மண்தான் அது. குழைத்துப் பூசிய மண், உலரும்போது அழுக்கை உறிஞ்சிக்கொள்கிறது. பின்னர் அது கழுவி நீக்கப்படுகிறது.

வீட்டிலும் இம்முறையைப் பின்பற்றலாம். முல்தானி மிட்டியை நீரும் சிறிது பாத்திரம் துலக்கும் திரவமும் விட்டுக் குழைத்து, கறை மீது தடவி, பாலித்தீன் தாளால் ஒரு நாள் மூடி வைக்க வேண்டும். பின்னர் தாளை எடுத்துவிட்டு, நன்றாகக் காய்ந்ததும் துடைத்து நீக்க வேண்டும். வெளிர்நிறக் கல்லாயின் மறைவான மூலையில் முதலில் சோதிப்பது நல்லது. அரிப்புத் தடத்திற்கு இப்பற்று பயன்படாது. கல்லைத் தேய்த்து மீண்டும் மெருகேற்றுவதே அதற்கு வழி.

அன்றாடப் பழக்கமே காவல்

உப்புப் படிவை நீக்கக் கடையில் கிடைக்கும் 'ஆசிட்'டைக் கல்தளத்தில் ஊற்றுவதே பெரும் சேதத்தை விளைவிக்கிறது. அதனுடன் பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயுவும் வெளிப்படும். வினிகரும் எலுமிச்சை கலந்த துப்புரவுத் திரவங்களும் இத்தளங்களுக்கு ஆகாதவை. அமிலமோ காரமோ இல்லாத நடுநிலைத் திரவமும் ஈரத்துணியும் போதுமானவை.

கோடையில் தில்லியில் வீசும் புழுதிக்காற்று கொண்டுவரும் மணலில் குவார்ட்ஸ் மிகுதி. மோஸ் கடினத்தன்மை அளவையில் குவார்ட்ஸின் மதிப்பு 7. சலவைக்கல்லின் கால்சைட்டுக்கு 3 மட்டுமே. காலடியில் மணல் அரைபடுவதற்கு முன் பெருக்கிவிட்டால் கீறல் விழாது. புளிக்கரைசல் சிந்தினால் உடனே துடைத்துவிட வேண்டும். அந்த வேலையை எந்தச் சீலரும் செய்யாது.