டியோர் யார் கையில்? ஒரு பெயர் கைமாறிய வரலாறு

பாரீஸ் பங்குச் சந்தையில் 'கிறிஸ்டியன் டியோர்' என்ற பெயரில் ஒரு நிறுவனம் இருக்கிறது. அதன் பங்கை வாங்குகிறவருக்கு டியோர் கவுன் தைக்கும் தையலகத்தில் நேரடியாக எந்தப் பாத்தியதையும் கிடையாது. அந்த நிறுவனத்தின் கையில் இருப்பது எல்விஎம்எச் என்ற பெருங்குழுமத்தின் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றுக் கூடுதல். லூயி வித்தோன் பை, மோயெ ஷாம்பெய்ன், ஹெனெஸி பிராந்தி, டிஃபனி நகை எல்லாம் அந்தக் குழுமத்துக்குச் சொந்தம். கவுன் தைக்கும் டியோரும் அதற்குத்தான் சொந்தம். ஆக, டியோர் என்ற பெயருள்ள நிறுவனம் எல்விஎம்எச்சை ஆள்கிறது. எல்விஎம்எச் டியோரை ஆள்கிறது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்த வீடு போல, மேலே ஒரு டியோர், கீழே ஒரு டியோர்.

இந்த முடிச்சு எப்படி விழுந்தது என்று பார்க்க 1946-க்குப் போக வேண்டும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். டியோர் வெளியாள் கைக்கு மாறிய இரண்டு முறையும் தனியாக விலைக்கு வரவில்லை. திவாலான துணி ஆலைகளோடு சேர்த்துக் கட்டிய மூட்டைக்குள்தான் அது இருந்தது.

பருத்தி ராஜாவின் பணம்

அந்த ஆலைகளின் முதலாளி மார்செல் புசாக். முதல் உலகப் போர் முடிந்ததும் விமான இறக்கைகளுக்காக நெய்த துணி மிச்சமாகக் குவிந்து கிடந்தது. அதை வாங்கிச் சட்டையாகவும் பைஜாமாவாகவும் தைத்து விற்றுப் பணம் பார்த்தவர். கிழக்கு பிரான்சின் வோஜ் மலைப் பகுதியில் நூற்பாலை, நெசவாலை என்று வரிசையாக வாங்கிப் போட்டார். பருத்தி ராஜா என்றே அவரை அழைத்தார்கள். பந்தயக் குதிரைகளிலும் அவர் பெரிய புள்ளி. 1950-ல் எப்சம் டெர்பியில் வென்ற கால்காடோர் அவர் குதிரை.

இரண்டாம் போர் முடிந்த சமயம், 'ஃபிலிப் எ கஸ்தோன்' என்ற நொடித்துப்போன பழைய தையலகம் அவர் வசம் இருந்தது. அதைத் தூக்கி நிறுத்த ஆள் தேடியபோது வந்து சேர்ந்தவர்தான் கிறிஸ்டியன் டியோர். வயது 41. நார்மண்டியின் கிரான்வில் ஊர்க்காரர். உரத் தொழிற்சாலை வைத்திருந்த குடும்பம், 1930-களின் தொடக்கத்தில் சொத்தை இழந்தது. ஓவியக் கூடம் நடத்திப் பார்த்தார், உடை வரைபடங்களை விற்றுப் பிழைத்தார், கடைசியில் லூசியன் லெலோங் தையலகத்தில் வடிவமைப்பாளராக இருந்தார். செத்துப்போன கடைக்கு உயிர் கொடுக்க என்னால் ஆகாது, என் பெயரில் புதிதாக ஒன்று ஆரம்பிக்கலாம் என்று அவர் சொல்ல, புசாக் ஒப்புக்கொண்டார். சகுனம் பார்ப்பதிலும் சோதிடத்திலும் டியோருக்கு நம்பிக்கை அதிகம். அந்த நாட்களில் தெருவில் ஓர் உலோக நட்சத்திரம் அவர் காலில் இடறியது. அதை நல்ல சகுனமாக எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டார்.

மோந்தேன் அவென்யூ, 30-ஆம் எண் வீட்டில் 1946 டிசம்பரில் தையலகம் திறந்தது. 1947 பிப்ரவரி 12 அன்று முதல் அணிவகுப்பு. சிக்கென்ற இடுப்பு, கெண்டைக்கால் வரை இறங்கும் அகன்ற பாவாடை. சில பாவாடைகளுக்கு 20 மீட்டர் வரை துணி போயிற்று. 'ஹார்ப்பர்ஸ் பஜார்' ஆசிரியர் கார்மெல் ஸ்னோ வாயிலிருந்து வந்த 'நியூ லுக்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ரேஷன் காலம் இன்னும் முடியவில்லை. மோன்மார்த்ர் பகுதியின் லெபிக் தெருச் சந்தையில் புகைப்படத்துக்காக இந்த உடையோடு போன மாடல்களை அங்கிருந்த பெண்கள் சூழ்ந்துகொண்டு, முடியைப் பிடித்து இழுத்து, கவுனைக் கிழித்தார்கள். அந்தப் படங்கள் இன்றும் இருக்கின்றன. கிழித்தவர்கள் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

துணி அதிகம் விற்க வேண்டும் என்பதற்காகவே ஆலை முதலாளி அகன்ற பாவாடைக்குப் பணம் போட்டார் என்று அன்றும் பேசினார்கள், இன்றும் எழுதுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அணிவகுப்பின் அடையாளமாகிவிட்ட 'பார்' உடையில் ஜாக்கெட் பட்டு, பாவாடை கம்பளி. புசாக்கின் பலமோ பருத்தி. டியோர் வாங்கிய மீட்டர் கணக்கால் அவர் ஆலை ஓடியிருக்காது. அவருக்குக் கிடைத்தது பெருமை. உலகமே பாரீஸ் பக்கம் மறுபடி திரும்பிப் பார்த்தால் பிரெஞ்சுத் துணிக்கே கிராக்கி கூடும் என்ற கணக்கும் இருந்திருக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒப்பந்தம். டியோர் முதலாளி அல்ல. சம்பளம், இலாபத்தில் ஒரு பங்கு, வாசலில் தன் பெயர், இவைதான் அவருக்கு. உடைமை புசாக்கினுடையது.

பெயரை வாடகைக்கு விடுதல்

ஆளுக்கு அளவெடுத்துக் கையால் தைக்கும் கவுனில் கூலியே பெருஞ்செலவு. விற்பதும் கொஞ்சம்தான். பணம் வேறெங்கிருந்தோ வர வேண்டும். 1948 வாக்கில் அமெரிக்கக் காலுறை நிறுவனம் ஒன்று டியோர் பெயரைப் பயன்படுத்த மொத்தமாக ஒரு தொகை தர முன்வந்தது. தொகை வேண்டாம், விற்கும் ஒவ்வொரு ஜோடிக்கும் சதவீதம் கொடுங்கள் என்றார் டியோர். இன்று உலகெங்கும் நடக்கும் பிராண்ட் உரிம வியாபாரத்துக்கு இது ஒரு முக்கியமான ஆரம்பம். மேலாளர் ஜாக் ருவே அதைப் பெருக்கினார்: கழுத்துப்பட்டை, கையுறை, கைப்பை, உள்ளாடை. பெயரை மலிவாக்குகிறார்கள் என்று பாரீஸ் தையலகங்கள் முகம் சுளித்தன. பிறகு அவையும் அதே வழிக்கு வந்தன.

1957 அக்டோபரில் இத்தாலியின் மோந்தெகாத்தினியில் மாரடைப்பால் டியோர் இறந்தார். வயது 52. மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. உரிமம் வாங்கியிருந்தவர்கள் விடவில்லை. ஆள் போன பிறகும் பெயர் சம்பாதிக்கும் என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. 21 வயது உதவியாளர் ஈவ் சாங் லோரானைப் பொறுப்பில் உட்கார வைத்தார்கள். 1960-ல் அவர் கட்டாய இராணுவச் சேவைக்குப் போக, மார்க் போஆன் வந்து 1989 வரை நிலைத்தார். தலைக்கு மேல் முதலாளிகள் மாறிக்கொண்டிருக்க, ஏறத்தாழ முப்பது ஆண்டு சத்தமில்லாமல் துணி வெட்டியவர் அவர். டியோர் வரலாறு எழுதுகிறவர்கள் அவருக்குக் கொடுக்கும் இடம் போதாது.

இதற்கிடையில் புசாக்கின் ஆலைகள் தேயத் தொடங்கின. அல்ஜீரியா உள்ளிட்ட காலனிச் சந்தைகள் கைவிட்டுப் போயின. செயற்கை இழை வந்தது. வெளிநாட்டு மலிவுத் துணி வந்தது. 1968-ல் வாசனைத் திரவியப் பிரிவின் பங்குகளை ஷாம்பெய்ன் நிறுவனமான மோயெ வாங்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் பிரிவே அதன் கைக்குப் போயிற்று. என் கணக்கில் புசாக் செய்த பெரிய தவறு இதுதான். கவுன் வாங்க வக்கில்லாத இலட்சக்கணக்கானவர்கள் வாங்குவது அந்தச் சின்னச் சென்ட் புட்டியைத்தான். இலாபம் அங்கே. அன்றிலிருந்து கவுன் டியோர் ஒருவருக்கு, சென்ட் டியோர் இன்னொருவருக்கு.

1978-ல் புசாக் குழுமம் திவாலானது. குதிரைகள் ஆகா கான் வசம் போயின. இரண்டு ஆண்டுகளில் புசாக்கும் காலமானார். ஆலைகளையும் அவற்றோடு டியோரையும் வாங்கியவர்கள் வட பிரான்சின் வில்லோ சகோதரர்கள் நால்வர். பேண்டேஜ் துணியிலும் குழந்தைகளுக்கான டயப்பரிலும் பணம் பார்த்தவர்கள். பாரீசின் லெ போன் மார்ஷே அங்காடி அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. அமெரிக்காவின் கோர்வெட்ஸ் என்ற கடைச் சங்கிலியையும் வாங்கிப் பெரும் நஷ்டப்பட்டார்கள். 1981-ல் அவர்கள் கதையும் முடிந்தது.

மூட்டையை அவிழ்த்தவர்

ஆயிரக்கணக்கான ஆலைத் தொழிலாளர்களின் வேலை பிரெஞ்சு அரசின் கழுத்தைப் பிடித்தது. மானியம் கொடுத்து ஆலைகளை ஓட்டிக்கொண்டே வாங்குபவரைத் தேடினார்கள். 1984-ல் வந்தவர் பெர்னார்ட் அர்னோ, 35 வயது. ரூபே என்ற ஜவுளி நகரத்துக்காரர். ஆனால் குடும்பத் தொழில் கட்டுமானம். குடும்பப் பணம் ஒன்றரைக் கோடி டாலர் போட்டார். மீதியை லசார் வங்கி திரட்டியது. நியூயார்க்கில் ஒரு டாக்சி ஓட்டுநருக்குப் பிரெஞ்சு அதிபர் பெயர் தெரியவில்லை, டியோர் பெயர் தெரிந்திருந்தது என்ற சம்பவத்தை அர்னோவே பலமுறை சொல்லியிருக்கிறார். மூட்டைக்குள் எது தங்கம் என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

வேலைகளைக் காப்பாற்றுவதாகச் சொல்லி வாங்கியவர், சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்பினார். ஆலைகளை விற்றார், டயப்பர் தொழிலை விற்றார். டியோரையும் லெ போன் மார்ஷேவையும் விடவில்லை. முதலீட்டாளர்கள் இதைச் சாமர்த்தியம் என்கிறார்கள். ஆலை இழந்த ஊர்களில் வேறு சொல் இருக்கும்.

1987-ல் மோயெ ஹெனெஸியும் லூயி வித்தோனும் இணைந்து எல்விஎம்எச் பிறந்தது. இரண்டின் தலைவர்களும் ஒத்துப்போகவில்லை. லூயி வித்தோனின் ஆன்ரி ரக்காமியே தனக்குத் துணையாக இருப்பார் என்று அர்னோவை உள்ளே அழைத்தார். அர்னோவோ கின்னஸ் நிறுவனத்தோடு கைகோத்துப் பங்குகளைக் குவித்து, 1989 ஜனவரியில் தலைமை நாற்காலியில் அமர்ந்தார். ரக்காமியே வெளியே போனார். அந்தப் பங்குகளை வாங்கியது கிறிஸ்டியன் டியோர் நிறுவனத்தின் துணை நிறுவனம் வழியாக. சின்னக் கம்பெனி பெரிய கம்பெனிக்கு எஜமான் ஆனது இப்படித்தான். மோயெயிடம் போயிருந்த சென்ட் டியோரும் இந்த வழியில் அர்னோ கைக்கு வந்து சேர்ந்தது. ஆனால் கணக்குப் புத்தகம் தனித்தனிதான்.

அடுத்த வேலை, வாடகைக்கு விட்ட பெயரைத் திரும்ப வாங்குவது. உரிமங்களை ஒவ்வொன்றாக முடித்தார்கள். ஜப்பானில் கனெபோ நிறுவனத்தோடு இருந்த நீண்டநாள் உரிமம் 1997-ல் முடிந்தது. உடனடி வருமானம் விழும் என்று தெரிந்தே செய்தார்கள். சொந்தக் கடை, சொந்த விலை, தள்ளுபடி கிடையாது என்பது புதிய சட்டம். அதற்கு ஏற்ற சரக்கு ஒரு கைப்பையாக வந்தது. தோலின் மேல் சாய்சதுரமாக ஓடும் தையல், முதல் அணிவகுப்பில் விருந்தினர் உட்கார்ந்த நாற்காலிகளின் பிரம்புப் பின்னலைப் பார்த்துப் போட்டது. கைப்பிடியில் டியோர் எழுத்துகள் தொங்கட்டானாக ஆடும். 1995-ல் பாரீஸ் வந்த இளவரசி டயானாவுக்கு அதிபரின் மனைவி பெர்னதெத் ஷிராக் அதைப் பரிசளித்தார். டயானா போகும் இடமெல்லாம் பையும் போனது. 'லேடி டியோர்' என்று பெயரும் மாறியது.

கவுன் வரைகிறவர்கள் இப்போது விளம்பரத்துக்கும் பொறுப்பு. ஜான் கலியானோ 1997 முதல் அமர்க்களமான அணிவகுப்புகள் நடத்தினார். 2011-ல் யூத வெறுப்புப் பேச்சுக்காக வேலையிழந்தார். ராஃப் சிமோன்ஸ், முதல் பெண்ணாக மரியா கிராட்சியா கியூரி, 2025-ல் ஜொனதன் ஆண்டர்சன் என்று ஆட்கள் மாறினார்கள், வியாபாரம் நிற்கவில்லை.

2017-ல் கவுன் டியோரை எல்விஎம்எச் 650 கோடி யூரோ மதிப்பில் தன்னோடு சேர்த்துக்கொண்டது. சென்ட்டும் கவுனும் அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஒரே கூரையின் கீழ் வந்தன. விற்றது மேலே இருக்கும் டியோர் நிறுவனம். இரண்டு பக்கமும் அர்னோ.

இத்தனை மதிப்பு எங்கே உருவாகிறது என்ற கேள்விக்கு 2024-ல் மிலான் நீதிமன்றம் ஒரு கணக்கைக் காட்டியது. அங்குள்ள துணை ஒப்பந்தப் பட்டறைகளில் தொழிலாளர்கள் வேலையிடத்திலேயே படுத்துத் தூங்கியது விசாரணையில் தெரிந்தது. கடையில் 2,600 யூரோவுக்கு விற்கும் ஒரு பைக்கு, தோல் முதலிய மூலப்பொருள் செலவு நீங்கலாக, பட்டறைக்குப் போனது 53 யூரோ. டியோரின் இத்தாலிய உற்பத்திப் பிரிவை நீதிமன்றம் தன் மேற்பார்வையில் எடுத்தது, 2025-ல் அந்த மேற்பார்வையை விலக்கிக்கொண்டது.

2023 முதல் தையலகத்தின் தலைமைப் பொறுப்பில் அர்னோவின் மகள் டெல்ஃபின் இருக்கிறார். மேலே உள்ள டியோர் நிறுவனத்தின் பங்குகள் ஏறத்தாழ முழுவதும் குடும்பத்திடம்தான். அந்தக் குடும்பத்தின் உச்ச நிறுவனத்துக்குப் பெயர் 'அகாஷ்'. வில்லோ சகோதரர்கள் வைத்திருந்த பழைய லினன் ஆலை நிறுவனத்தின் பெயர் அது. விற்ற மூட்டையில் மிஞ்சியது. 2022-ல் அதை ஆளும் உரிமையை ஐந்து பிள்ளைகளுக்கும் தலைக்கு 20 சதவீதமாகப் பிரித்தார் அர்னோ. இயக்குநர்கள் ஒருமனதாகச் சம்மதித்தாலொழிய, 30 ஆண்டுகளுக்கு யாரும் தம் பங்கை விற்க முடியாது.