கட்டும் கருவிக்குச் சொன்னது செய்நிரலுக்குக் கேட்குமா?

வீட்டுக் கணினியில் நன்றாக ஓடிய செய்நிரல், பாடசாலை ஆய்வுகூடத்துக்குக் கொண்டு வந்ததும் ஓட மறுக்கின்றது. செயற்றிட்டத்தை ஒப்படைக்க வேண்டிய நாளில் மாணவி கலங்கி நிற்கின்றாள். பல வேளைகளில் அவள் எழுதிய நிரலில் பிழை எதுவும் இருப்பதில்லை. செய்நிரலுக்குத் தெரிய வேண்டிய ஒரு தகவல் அதனிடம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். அத்தகவல் எங்கே தங்கிவிடுகின்றது, அதனை ஒழுங்காகச் சேர்ப்பிப்பது எப்படி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கட்டும் கருவி

நாம் எழுதும் மூலநிரலைத் தொகுக்க வேண்டும். அதற்குத் தேவையான நூலகக் கோப்புகளைச் சேர்க்க வேண்டும். பரீட்சித்துப் பார்க்க வேண்டும். ஈற்றில் இயக்க வேண்டும். இவ்வேலைகளை வரிசை தவறாமல் செய்து தரும் மென்பொருளே 'பில்ட் டூல்' எனப்படும் கட்டும் கருவி. 1976 இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டுவர்ட் பெல்ட்மன் உருவாக்கிய 'மேக்' இவ்வகையில் ஒரு முன்னோடியாகும். இன்று ஜாவா மொழியில் எழுதுவோர் பெரும்பாலும் மேவன் அல்லது கிரேடிலைப் பயன்படுத்துகின்றனர்.

தகவல் தங்கும் இடம்

ஒரு மாணவி நூலக முகாமைத்துவச் செய்நிரல் ஒன்றை ஜாவாவில் எழுதியுள்ளாள் எனக் கொள்வோம். தரவுத்தளம் வீட்டில் அவளது கணினியிலேயே உள்ளது. பாடசாலையிலோ வேறொரு கணினியில் உள்ளது. ஆகவே தரவுத்தளத்தின் முகவரியை நிரலுக்குள் எழுதாமல், இயக்கும்போது கொடுக்க எண்ணுகின்றாள். கிரேடிலின் 'ரன்' கட்டளையுடன், சிறுகோடும் 'டி' என்னும் எழுத்தும் இட்டு முகவரியைச் சேர்க்கின்றாள். செய்நிரலோ முகவரி கிடைக்கவில்லை என்கின்றது.

காரணம் இதுதான். கிரேடில் ஒரு ஜாவா மெய்நிகர் இயந்திரத்தில் ஓடுகின்றது. மாணவியின் செய்நிரலை அது வேறொரு மெய்நிகர் இயந்திரத்தில் தொடக்கி வைக்கின்றது. முகவரி முதலாவதிடம் சேர்ந்தது, இரண்டாவதிடம் சேரவில்லை. உம்மா தாத்தாவிடம் சாமான்களின் பெயர்களைச் சொல்கின்றார். தாத்தா தம்பியைக் கடைக்கு அனுப்புகின்றாள். தாத்தா எடுத்துச் சொல்லாவிட்டால் என்ன வாங்குவது என்று தம்பிக்கு எப்படித் தெரியும்?

மேவனில் 'எக்செக்' சொருகியைப் பயன்படுத்துவோர் இதில் ஒரு வேறுபாட்டைக் காணலாம். அதன் 'ஜாவா' இலக்கு, மேவன் ஓடும் அதே மெய்நிகர் இயந்திரத்தில் செய்நிரலை இயக்குவதால் முகவரி தெரியும். அதன் 'எக்செக்' இலக்கு தனியாக வெளியே ஏவுவதால் தெரியாது. தோழிக்குச் சரியாக வந்தது தனக்கு வராமல் போவது இத்தகைய காரணங்களாலேயே.

சேர்ப்பிக்கும் மூன்று வழிகள்

முதலாவது, கட்டளை வரி வாதங்கள். இவை செய்நிரலின் 'மெயின்' பகுதிக்கு வரிசையாகப் போய்ச் சேரும். கிரேடிலில் 'ஆர்க்ஸ்' என்னும் தெரிவின் மூலம் இவற்றைக் கொடுக்கலாம். இடைவெளி உள்ள பெயர்களை மேற்கோள் குறிக்குள் இடாவிட்டால் ஒன்று இரண்டாகப் பிரிந்துவிடும்.

இரண்டாவது, முறைமைப் பண்புகள். இவை பெயரும் பெறுமானமும் கொண்ட இணைகள். கிரேடிலின் கட்டமைப்புக் கோப்பில், 'ரன்' பணிக்குரிய பகுதியில், தான் பெற்ற பண்பை ஏவப்படும் செய்நிரலுக்கும் கொடுக்குமாறு ஒரு வரி எழுத வேண்டும். மேற்கூறிய மாணவியின் சிக்கல் அந்த ஒரு வரியில் தீர்ந்துவிடும்.

மூன்றாவது, சூழல் மாறிகள். ஒரு செய்நிரல் இன்னொன்றை ஏவும்போது, தடுக்காவிட்டால், இவற்றின் பிரதி தானாகவே கீழிறங்கும். பிரதி என்பதால், பின்னையது செய்யும் மாற்றம் முன்னையதைப் பாதிக்காது.

ஒரு வழியால் கொடுத்ததை மற்றொரு வழியால் தேடினால் கிடைக்காது என்பதும் நினைவிற் கொள்ள வேண்டியது. ஜாவாவில் முறைமைப் பண்பை வாசிக்கும் கட்டளை வேறு, சூழல் மாறியை வாசிக்கும் கட்டளை வேறு. தேடியது இல்லையெனில் அவை பிழை காட்டி நிறுத்தாமல், ஒன்றுமில்லை என்ற பெறுமானத்தையே தரும். எனவே செய்நிரல் தொடங்கியவுடன் தேவையான தகவல் வந்துள்ளதா எனச் சரிபார்த்து, வராவிட்டால் தெளிவான செய்தியுடன் நின்றுவிடுமாறு எழுதுவதே நல்லது. தவறான தரவுத்தளத்தில் எழுதுவதைவிட எழுதாமல் நிற்பது மேல்.

கடவுச்சொல் ஓர் அமானிதம்

முகவரி பிறருக்குத் தெரிந்தால் பெரிய பாதிப்பில்லை. கடவுச்சொல் அப்படியல்ல. அதனை நிரலுக்குள் எழுதி இணையக் களஞ்சியத்தில் ஏற்றினால், பின்னர் அழித்தாலும் பழைய பதிப்புகளில் அது இருந்துகொண்டேயிருக்கும். அவ்வாறு நேர்ந்தால் கடவுச்சொல்லையே மாற்றிவிட வேண்டும். கட்டளை வரியில் கொடுப்பதும் பாதுகாப்பன்று. லினக்ஸில் வழமையான அமைப்பின்படி, ஓடிக்கொண்டிருக்கும் செய்நிரல்களின் கட்டளை வரிகளை அதே கணினியின் ஏனைய பயனர்களும் பார்க்கலாம். முறைமைப் பண்புகளும் கட்டளை வரியிலேயே செல்வதால் அவையும் இதற்கு விலக்கல்ல. சூழல் மாறிகளை அப்பயனரும் முறைமை நிருவாகியும் மாத்திரமே பார்க்க முடியும். ஆகவே கடவுச்சொல்லைச் சூழல் மாறியிலோ, உரியவர் மாத்திரம் வாசிக்கக்கூடிய தனிக் கோப்பிலோ வைப்பது பொருத்தமானது. அக்கோப்பைக் களஞ்சியத்தில் சேர்க்கவும் கூடாது.

நூலகச் செய்நிரலில் இருப்பவை வெறும் எழுத்துகள் அல்ல. அங்கத்தவர்களின் பெயர்களும் வீட்டு முகவரிகளும் தொலைபேசி இலக்கங்களும் அதில் உள்ளன. அவை நம்மை நம்பித் தரப்பட்ட அமானிதங்கள். பிள்ளைகள் கணினியின் முன் அமர்ந்திருக்கும்போது பெற்றோர் நிரலை விளங்கிக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. "இதன் கடவுச்சொல்லை எங்கே வைத்திருக்கிறீர்கள் மகள்?" என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும். அதற்குத் தயங்காமல் விடை சொல்லக்கூடிய மாணவி, எதை யாரிடம், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை அறிந்தவளாவாள்.