கரண்ட் வைப்பார்களா?

திருக்கோவிலூர்ப் பக்கமிருந்து ஒரு வாசகி இன்லாண்ட் லெட்டரில் எழுதியிருக்கிறார். தங்கையை மனநல வார்டில் சேர்க்கச் சொல்லிவிட்டாராம் டாக்டர். மூன்று கேள்விகள்: கட்டிப்போடுவார்களா, மொட்டை அடிப்பார்களா, கரண்ட் வைப்பார்களா? பெயரோ முகவரியோ இல்லை. அதனால் இங்கேயே பதில்.

என் அண்ணனுக்குத் துணையாக இப்படியொரு வார்டில் பத்தொன்பது நாள் இருந்தவன் நான். சேர்ந்த அன்று நர்ஸ் அவரிடமிருந்து பெல்ட், ரேசர், தீப்பெட்டி எல்லாவற்றையும் வாங்கி ஒரு கவரில் போட்டார். கடைசியில் அரைஞாண் கயிற்றையும் கேட்டார். அதுவரை வாயே திறக்காத அண்ணன் அதற்குத்தான் அழுதார். கயிறு எதற்கு என்று நர்ஸ் விளக்கவில்லை. எனக்குப் புரிய ஒரு ராத்திரி ஆயிற்று.

மற்றபடி அங்கே நாள் மெதுவாகத்தான் போகும். காலையில் காபி, மாத்திரை. "வாயைத் திறங்க, நாக்கைத் தூக்குங்க" என்று பார்த்துவிட்டுத்தான் நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போவார். பிறகு டாக்டர் ரவுண்ட்ஸ். மாத்திரையால் சிலருக்குத் தூக்கம், சிலருக்குக் கை நடுக்கம். சொன்னால் அளவை மாற்றுவார்கள். அலறலை எதிர்பார்த்துப் போன என் காதில் அதிகம் விழுந்தது கேரம் காய் சத்தம். வீட்டு ஆள் கூடவே தங்குவது நம் நாட்டில் நன்றாக வேரூன்றிய பழக்கம். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்துக்குள்ளேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். எல்லா இடத்திலும் இதற்கு அனுமதி கிடையாது, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு கேள்விக்கும் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. கட்டாய மொட்டை கூடாது. சொந்த உடை உடுத்திக்கொள்ளலாம். சங்கிலி எந்த வடிவத்திலும் கூடாது. தனக்கோ அடுத்தவருக்கோ உடனடி ஆபத்து, வேறு வழியே இல்லை என்ற நிலையில் மட்டும், மனநல டாக்டரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்குக் கட்டிவைக்கலாம். தண்டனையாகச் செய்யக்கூடாது. காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதியாக வேண்டும்.

மூன்றாவது கேள்வியில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். அப்பா வயர்மேன் என்பதால் இருக்கலாம். மூளைக்குக் கரண்ட் கொடுக்கும் சிகிச்சையை 1938இல் ரோமில் செர்லெட்டியும் பினியும் தொடங்கினார்கள். அன்றைக்கு மயக்கமருந்து கிடையாது. வலிப்பு உடம்பைத் தூக்கிப் போட்ட வேகத்தில் எலும்பு முறிந்தவர்கள் உண்டு. சினிமாக்காரர்கள் இன்னும் அந்தக் காலத்திலேயே நிற்கிறார்கள். மயக்கமருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் இதைச் செய்வது இன்று சட்டப்படி குற்றம். எல்லோருக்கும் வைப்பதும் இல்லை. சோறு தண்ணீரை விட்டுவிட்டவர்கள், சிலைபோல உறைந்துபோனவர்கள், உயிரை விடத் துணிந்துவிட்டவர்கள் என, மாத்திரை வேலை செய்யும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்குத்தான் பெரும்பாலும்.

அண்ணனுக்கு ஆறு முறை வைத்தார்கள். அறைக்குள் என்னை விடவில்லை. உள்ளே நடப்பதை மயக்கமருந்து டாக்டர் பிறகு விவரித்தார். ஊசி போட்டதும் ஆள் தூங்கிவிடுகிறார். அடுத்தது தசை தளர்த்தும் ஊசி. அதற்கு முன் ஒரு கணுக்காலுக்கு மேலே, பிபி பார்க்கும் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து இறுக்கிவிடுகிறார்கள். ரத்தம் பாதத்துக்கு இறங்காது; மருந்தும் இறங்காது. நெற்றிப்பொட்டில் சில விநாடி கரண்ட். மூளைக்குள் வலிப்பு ஓடுகிறது, உடம்போ அசையாமல் கிடக்கிறது. பட்டை கட்டிய அந்த ஒரு பாதம் மட்டும் துடிக்கிறது. டாக்டர் அதைப் பார்த்துத்தான் விநாடி எண்ணுகிறார். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

சுவருக்குள் ஓடும் கரண்ட் கண்ணுக்குத் தெரியாது. அப்பா டெஸ்டரை வைத்தால் அதன் பிடிக்குள் சின்னதாகச் சிவப்பு மினுங்கும். அந்தப் பாதம்தான் டெஸ்டர். இப்போது மூளையின் மின்னலைகளை வரைந்துகாட்டும் கருவியும் இருக்கிறது. ஆனாலும் எனக்குப் பிடித்தது பாதம்தான்.

குறை ஒன்று உண்டு: ஞாபகம். சிகிச்சை நடந்த வாரங்கள் சிலருக்குக் கலைந்துபோகும், சிலருக்கு அதற்கும் முந்தைய நினைவுகள். அரைஞாண் கயிற்றுக்காக அழுதது அண்ணனுக்கு இன்றுவரை நினைவில்லை.

எனக்கு மறக்காதது வேறு. பத்தொன்பது நாளில் ஒரு சொந்தக்காரர் வரவில்லை. வந்திருக்கவும் முடியாது, மஞ்சள் காமாலை, வெளியூரில் வைத்தியம் என்று நாங்களே சொல்லிவைத்திருந்தோம். குடல்வால் ஆபரேஷன் என்றால் ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வரிசை கட்டுகிற ஊர், மனசு என்றதும் கதவைச் சாத்திக்கொள்கிறது. அண்ணனுக்கு அடுத்த கட்டில்காரர் குணமாகி வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தார், அழைத்துப்போக ஆள் வரவில்லை. சேர்க்கும்போது தவறான முகவரி கொடுத்துவிட்டுப் போகும் குடும்பங்கள் உண்டு என்றார் நர்ஸ். மறைக்கவேண்டும் என்று முடிவுசெய்துவிட்டால் இடம் எதுவானாலும் சரி என்றாகிவிடும். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். காலில் சங்கிலி, ஓட முடியவில்லை. மருத்துவமனைக்குப் பயந்த வீடுகள் எத்தனை பேரை அப்படிக் கொட்டகைகளில் விட்டுவைத்திருந்தன என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே சகோதரி, சேருங்கள். பார்க்கும் நேரத்தைத் தவறவிடாதீர்கள். வீட்டுக்கு வந்தபின், "நன்றாகத்தானே இருக்கிறாள்" என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இடையில் சந்தேகம் வந்தால் 14416 என்ற அரசு எண்ணில் இலவசமாகப் பேசலாம். பையில் இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் சீட்டு, அவர் உடுத்திப் பழகிய நைட்டி நான்கு, ஒரு துண்டு போதும். நாடா வைத்த பாவாடைகளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.