மீனு வெலை போவாது!

பழவேற்காடு ஏரிக்கரையில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவரிடம், "இந்த மணல்லேருந்துகூட காமா கதிர் வருதுங்க" என்று சொல்லிவைத்தேன். பதறிவிட்டார். "அத்த பேப்பர்ல போட்டுடாதே தம்பி, மீனு வெலை போவாது!"

போடத்தான் போகிறேன். உலகத்தில் எந்த மண்ணிலும் துளியூண்டு யுரேனியம், தோரியம், பொட்டாசியம் உண்டு. வானத்திலிருந்து வேறு கதிர் பொழிகிறது. மூச்சிலும் சாப்பாட்டிலும் உள்ளே போவதையும் சேர்த்தால் உலகச் சராசரி, தலைக்கு வருஷம் 2.4 மில்லிசீவர்ட்.

தமாஷ் என்னவென்றால், தண்ணீர் காமாவை விழுங்கும். ஏரியின் சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டர்தான். ஏரித்தரையிலிருந்து கிளம்பும் கதிரில் பெரும்பகுதியை மடக்க அதுவே போதும். படகில் பெரியவர் பத்திரம். கிரானைட் தரையில் நாற்காலி போட்டு ஃபைல் புரட்டுகிற நமக்குத்தான் (மானேஜர் உள்பட) பெரும்பாலும் கூடுதல் டோஸ்!

நிஜமாகவே எகிறும் இடம் கேரளத்துக் கருநாகப்பள்ளி. கடற்கரை மோனசைட் மணலில் தோரியம் இருப்பதால், சில இடங்களில் சராசரியைப் போலப் பல மடங்கு. அங்கே சுமார் 70,000 பேரைப் பத்து வருஷத்துக்கு மேல் கவனித்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். கதிர் ஏற ஏறப் புற்றுநோய் ஏறியதாகத் தெரியவில்லை. பக்கத்து நீண்டகரைத் துறைமுகத்தில் மீன் வியாபாரம் அமோகம்!