கையெழுத்துக்கு முன் ஒரு சொல்



விதை வாங்கினால் கையில் அள்ளிப் பார்க்கிறோம். மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். ஆனால் நிலத்துக்குப் பத்திரம் எழுதும்போது மட்டும், எழுத்தர் காட்டின இடத்தில் கையெழுத்தோ கைநாட்டோ போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். பத்திரத்தில் உள்ள ஒரு சொல் நிலத்தையே கைமாற்றிவிடும். அப்படிப்பட்ட சில சொற்களுக்கு இன்று அர்த்தம் பார்ப்போம்.

முதலில் கிரயமும் அடமானமும். கிரயம் என்றால் விற்பனை. எழுதிக் கொடுத்துப் பதிவு செய்துவிட்டால் நிலம் வாங்கினவருடையது. அடமானம் என்றால் கடனுக்கு ஈடு. நிலம் உங்களுடையதுதான்; கடனை அடைத்து மீட்டுக்கொள்ளலாம். நிலத்தை அனுபவிக்கும்படி கடன் கொடுத்தவரிடமே விட்டுவிட்டால் அது சுவாதீன அடமானம். ஊர்ப்பக்கம் ஒத்தி, போக்கியம் என்று சொல்வதும் இதைத்தான்.

ஒரு விவசாயி மகள் கல்யாணத்துக்குக் கடன் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொடுப்பவர், "அடமானம் எதுக்கு? கிரயமாவே எழுதிக் குடுங்க. பணம் வந்ததும் உங்க பேருக்கே திருப்பி எழுதித் தந்துடறேன்" என்கிறார். இதற்கு நம்பிக்கைக் கிரயம் என்று பெயர். ஆனால் பத்திரத்தில் இருப்பது கிரயம் மட்டும்தான். நாளைக்கு அவர் மனசு மாறினால், இல்லை அவர் காலமாகி வாரிசுகள் மறுத்தால், அது கடன்தான் என்று கோர்ட்டில் நிரூபிப்பது மிகவும் கஷ்டம். திருப்பித் தரும் ஷரத்து அதே பத்திரத்தில் இருந்தால்தான் அதை அடமானமாகக் கருத முடியும் என்று, சொத்து மாற்றுச் சட்டத்தில் 1929-லேயே விதி சேர்த்திருக்கிறார்கள். தனித்தாளில் எழுதி வாங்கினால் போதாது. ஆகவே கடன் வாங்கினால் அடமானம் என்றே எழுதுங்கள்.

அடுத்தது பவர். 'எனக்குப் பதிலாக நீ செய்' என்று கொடுக்கும் அதிகாரம் அது. பவரை மட்டும் வாங்கிக்கொண்டு, நிலத்தை வாங்கிவிட்டதாக நினைக்கக் கூடாது. பவர் பத்திரத்தால் சொத்துரிமை மாறாது என்று 2011-ல் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பொதுவாக, பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் முடிந்துபோகும்.

பெரியவர்கள் கவனிக்க வேண்டியது உயிலும் செட்டில்மெண்டும். உயில், எழுதினவர் காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும். உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்ட் அப்படியல்ல. எழுதிப் பதிவு செய்தால் சொத்து பிள்ளைக்குப் போய்விடும். நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. செட்டில்மெண்ட்தான் எழுதுவது என்றால், 'கடைசிவரை என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பிள்ளை கவனிக்காவிட்டால், 60 வயதானவர்கள் 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டப்படி ஆர்.டி.ஓ.விடம் மனுக் கொடுத்து, அதை ரத்து செய்யக் கேட்கலாம்.

கடைசியாக வில்லங்கம். நிலத்தின் மேல் உள்ள கடன், பாத்தியதை எல்லாம் வில்லங்கம்தான். நிலம் வாங்குமுன் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று வாங்கிப் பாருங்கள். ஆனால் பதிவானது மட்டும்தான் அதில் தெரியும். மூலப்பத்திரத்தை ஒருவரிடம் கொடுத்துவைத்து வாங்கின கடன் அதில் வராமலும் போகலாம். அதனால் அசல் மூலப்பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

படிக்கத் தெரியாதவர்கள், எழுதின ஆளையே படிக்கச் சொல்லாமல், தங்களுக்கு வேண்டிய வேறு ஒருவரை விட்டு முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் தாலுகா கோர்ட்டில் உள்ள வட்ட சட்டப்பணிகள் குழுவை அணுகலாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் அங்கே இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

பத்திரத்தைப் படித்துக் கேட்க அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணிக்குச் சோம்பினால், கோர்ட்டுக்கு வருஷக்கணக்கில் நடக்க வேண்டியிருக்கும்.