கண்டி இராச்சியத்தில் ஒதுக்கப்பட்ட ரொடியா மக்கள்



கண்டி இராச்சியத்தின் சமூக அமைப்புப் பற்றிய வினாவுக்கு விடையளிக்கும்போது இராஜகாரிய முறையை விளக்கியதுடன் பலர் நிறுத்திவிடுகின்றனர். அம்முறைக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களும் அந்த இராச்சியத்தில் வாழ்ந்தனர். அவர்களே ரொடியா மக்கள். இப்பெயர் இன்று இழிசொல்லாகவும் வழங்குவதால், வரலாற்றுப் பெயராக மட்டுமே இங்கு பயன்படுத்துகின்றோம்.

1. நிலமும் சேவையும்

கண்டி இராச்சியத்தில் ஒவ்வொரு குலத்தவரும் அரசனுக்கு ஒரு சேவை செய்தனர். கொல்லர், குயவர், மேளம் அடிப்போர் ஆகியோர் தத்தம் சேவைக்குப் பதிலாக நிலத்தைப் பயிரிடும் உரிமையைப் பெற்றனர். எனவே தாழ்ந்ததாகக் கருதப்பட்ட குலத்தவருக்கும் ஒரு வயல் இருந்தது.

ரொடியா மக்களுக்கு இது மறுக்கப்பட்டது. யானைகளைப் பிடிப்பதற்கான தோற்கயிறுகளை அவர்கள் அரசனுக்குச் செய்து கொடுத்தனர். இறந்த மாடுகளை அகற்றினர். அப்படியிருந்தும் நிலத்தைப் பயிரிடவோ வேறு தொழில் பழகவோ அவர்களுக்கு அனுமதி இல்லை. எஞ்சியது பிச்சை எடுத்தல் ஒன்றே. பிச்சை எடுப்பது அவர்களின் இயல்பு அன்று. வேறு வழிகள் அடைக்கப்பட்டதன் விளைவே அது. இதனை நன்கு மனத்திற் கொள்ளுங்கள்.

2. விதிக்கப்பட்ட தடைகள்

1660 தொடக்கம் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்தவர் றொபேட் நொக்ஸ். கண்டிக்கு அண்மையிலுள்ள எலதத்த கிராமத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்த அவர், 1681இல் வெளியிட்ட நூலில் இம்மக்களைப் பற்றி எழுதியுள்ளார். 1859இல் நூல் வெளியிட்ட எமர்சன் டெனன்ட் மேலும் பல விவரங்களைத் தருகின்றார். அவை வருமாறு:

(அ) பொதுக் கிணற்றில் நீர் அள்ளக்கூடாது. ஓடத்துறையில் ஆற்றைக் கடக்கக்கூடாது.
(ஆ) இருபுறமும் சுவர் வைத்து வீடு கட்டக்கூடாது. ஒற்றைச் சுவரிற் சாய்த்த தட்டியின் கீழ் வாழ வேண்டும்.
(இ) ஆணாயினும் பெண்ணாயினும் இடுப்புக்கு மேல் ஆடை அணியக்கூடாது.
(ஈ) பௌத்தர்களாயினும் விகாரைக்குள் நுழையக்கூடாது. தொலைவில் நின்றே வணங்க வேண்டும்.
(உ) வழிப்போக்கர் தங்கும் அம்பலத்தில் இரவு தங்கக்கூடாது.
(ஊ) நீதிமன்றத்துக்குள் வரக்கூடாது. முறைப்பாட்டைத் தொலைவிலிருந்தே கூற வேண்டும்.

நீர், வீடு, உடை, வழிபாடு, பயணம், நீதி ஆகிய ஆறும் மறுக்கப்பட்டன. இந்த ஆறு சொற்களையும் நினைவில் வைத்திருந்தால் தடைகளை இலகுவாக எழுதலாம்.

3. ஒதுக்கலை நியாயப்படுத்திய கதைகள்

நொக்ஸ் கேள்விப்பட்ட கதையின்படி, அரசனுக்கு மான் இறைச்சி கொடுக்கும் வேடர்களாக இவர்களின் முன்னோர் இருந்தனர். ஒருநாள் அதற்குப் பதிலாக மனித இறைச்சியைக் கொடுத்தனர். இதனால் அவர்களின் சந்ததி முழுவதையும் அரசன் ஒதுக்கினான் என்பது கதை. மற்றொரு மரபுக்கதையில், மனித இறைச்சியை விரும்பி உண்ட ரத்னவல்லி என்னும் இளவரசி ஒரு வேடனுடன் துரத்தப்பட்டாள்.

இவற்றை வரலாற்று உண்மைகளாக எழுத வேண்டாம். ஆயினும் இவை பயனற்றவையும் அல்ல. ஒதுக்கியவர்கள் இக்கதைகளைக் காட்டித் தம் செயலை நியாயப்படுத்தினர். ஒதுக்கப்பட்டவர்களோ ரத்னவல்லி கதையைக் கொண்டு தாம் அரச பரம்பரையினர் என்று பெருமை கொண்டனர். கதையை யார், எதற்காகச் சொல்கின்றார் என்று கேட்பதே வரலாற்று மாணவரின் கடமை.

4. பிரித்தானியர் காலமும் பின்னரும்

1815இல் கண்டி பிரித்தானியர் வசமானது. 1833இல் இராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டது. ஏற்கனவே நிலம் வைத்திருந்தவர்கள் இதனாற் பயனடைந்தனர்; நிலமில்லாதவர்களுக்கு அது நிலத்தைக் கொடுக்கவில்லை. மக்களின் மனமும் உடனே மாறவில்லை. கொலைச் சந்தேகத்தில் ரொடியா மக்கள் சிலரைக் கைதுசெய்யுமாறு பிரித்தானியர் கட்டளையிட்டபோது, உள்ளூர் அலுவலர்கள் தீட்டுக்கு அஞ்சி அவர்களைத் தொட மறுத்தனர். வேண்டுமானால் தூரத்தில் நின்று சுட்டுவிடுவதாகக் கூறினர் என டெனன்ட் எழுதுகின்றார். தொடுவது தீட்டு, கொல்வது தீட்டன்று என்னும் நிலையே அன்று இருந்தது.

சுதந்திரத்தின் பின்னர், 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதி காரணமாக ஒருவரைப் பொது இடங்களில் தடுப்பதைக் குற்றமாக்கியது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் உறுப்புரை 12, சாதி உட்பட்ட காரணங்களால் பாரபட்சம் காட்டுவதைத் தடைசெய்கின்றது.

5. உலக நோக்கு: ரோமா மக்கள்

ஐரோப்பாவின் ரோமா மக்களின் முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து சென்றவர்கள். இதற்கு அவர்களின் மொழியே சான்று. ஐந்து என்பதை அவர்கள் ‘பஞ்ச்’ என்பர். நமது ‘பஞ்சபூதம்’ என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். எகிப்திலிருந்து வந்தவர்கள் எனத் தவறாக எண்ணியதால் ‘ஜிப்சி’ என்ற பெயர் இடப்பட்டது. இன்றைய ருமேனியாவின் பகுதிகளில் 1850கள் வரை அவர்கள் அடிமைகளாக இருந்தனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நாசிகள் அவர்களிற் பல இலட்சம் பேரைக் கொன்றனர். 1971இல் லண்டன் அருகே முதலாவது உலக ரோமா மாநாடு கூடியது. அது தொடங்கிய ஏப்ரல் 8ஆம் திகதி உலக ரோமா தினமாகக் கொண்டாடப்படுகின்றது.

ரோமா மக்கள் தொலைவிலிருந்து வந்தவர்கள்; ரொடியா மக்கள் இம்மண்ணிலேயே ஒதுக்கப்பட்டவர்கள். தோற்றம் வேறாயினும் நடந்தது ஒன்றே: முதலில் நிலமும் தொழிலும் மறுக்கப்பட்டன, பின்னர் ‘இவர்கள் உழைக்காதவர்கள்’ என்ற பழி சுமத்தப்பட்டது.

குறிப்பு: பாம்பாட்டுதல், கைரேகை பார்த்தல் ஆகியவற்றைச் செய்து வந்த, தெலுங்கு பேசும் அஹிகுண்டிக மக்களை ரொடியா மக்களுடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர்கள் வேறொரு சமூகத்தவர்.

6. சிந்தனைக்கு

மாணவர்களே, சட்டம் கிணற்றைத் திறந்துவிடலாம். நாவை அடக்க முடியாது. கண்டியைச் சூழவுள்ள மலையகத் தோட்டங்களில் வாழும் நம்மவர் இதனை அறிவர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட நம் முன்னோரின் சந்ததியினருக்குப் பிரசாவுரிமை கிடைத்துவிட்டது. ஆயினும் ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல் எப்படிச் சுடும் என்பது உங்களுக்குத் தெரியும். ஊர்ப் பெயரைச் சொல்லத் தயங்கும் ஒரு மாணவர் உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். அவரை எந்தப் பெயரால் அழைக்கின்றீர்கள் என்பது உங்கள் கையிலேயே உள்ளது.

பயிற்சி வினாக்கள்

1. ரொடியா மக்கள் கண்டி அரசனுக்குச் செய்த சேவை ஒன்றைக் குறிப்பிடுக.
2. அவர்கள் மீது விதிக்கப்பட்ட தடைகள் நான்கினைத் தருக.
3. இராஜகாரிய ஒழிப்பு அவர்களின் நிலையைப் பெரிதும் மாற்றாமைக்கான காரணத்தை விளக்குக.
4. ரோமா மக்களுக்கும் ரொடியா மக்களுக்கும் இடையிலான ஒற்றுமை ஒன்றையும் வேற்றுமை ஒன்றையும் எழுதுக.
5. ‘ஒதுக்கல் சட்டத்தினால் மட்டும் நீங்குவதில்லை.’ ஆராய்க.

விடைக் குறிப்பு (வினா 5): 1957, 1978 சட்ட ஏற்பாடுகளை முதலிற் குறிப்பிடுக. பின்னர் நிலமின்மை, மனப்பாங்கு, இழிபெயர் ஆகிய மூன்றையும் தனித்தனியே விளக்கி, உமது சூழலிலிருந்து உதாரணம் ஒன்று தருக.